பலகைக்கு அந்தப் பக்கம் கேட்ட பதினைந்து சொற்கள்

மெக்கானிக்குகள் என் அண்ணிக்கு வைத்த பெயர் அகராதி. அதில் பாதி மரியாதை, பாதி கோபம். பைக்குகளுக்கு உதிரி பாகம் விற்கிற கடையில் அவள் கவுண்ட்டரில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் மூன்று சுவர் நிறைய இழுப்பறைகள், தரையிலிருந்து கூரை வரை, தொள்ளாயிரத்துச் சொச்சம். எதன் மேலும் பெயர் கிடையாது, வெறும் எண்தான். எவனாவது வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, "அக்கா, பழைய மாடல், பின் சக்கரத்துக்கு பிரேக் ஷூ!" என்று கத்தினால், அவன் ஸ்டாண்டு போடுவதற்குள் பெட்டி கவுண்ட்டருக்கு வந்திருக்கும். அந்த வகையில் அகராதி. "இது அந்த வண்டிக்குச் சேராது, போய் ஒழுங்காப் பார்த்துட்டு வா" என்று இருபது வருஷ அனுபவக்காரனையும் திருப்பி அனுப்புவாள். அந்த வகையிலும் அகராதி.

நான் அவளுக்கு நாத்தனார். என் அண்ணனுக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மோட்டாரை விட்டு நகர முடியாது, லீவும் சுலபத்தில் கிடைக்காது. எனக்கு ஒரு துணிக்கடையின் பின்னறையில் கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துத் தைக்கிற வேலை. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதனால் அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் துணைக்கு நான்தான்.

அவளுக்குப் பதின்மூன்று வயதிலிருந்து வலிப்பு. பெண் பார்க்கப் போன அன்றைக்கே அண்ணனை எதிரில் உட்காரவைத்து, "மாசத்துக்கு ஒரு தடவையோ வருஷத்துக்கு ஒரு தடவையோ விழுவேன். தூக்கிவிடத் தெம்பு இருந்தா சரின்னு சொல்லுங்க" என்றாளாம். அண்ணன் யோசிக்கவே இல்லை என்பது அவன் வாதம். யோசித்தான், காபி ஆறிப்போகும் வரை யோசித்தான் என்பது அவள் வாதம். எப்படியோ, காலையில் இரண்டு மாத்திரை, மாலையில் இரண்டு மாத்திரை என்று போட்டதில் வலிப்பு வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்து, கடைசி மூன்று வருஷத்தில் ஒன்றுமே வரவில்லை. கடையில் முதலாளியம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே இரண்டு முறை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். டிவி பார்த்தால் நின்றுகொண்டே பார்ப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவர் முறைக்கும் வரை. "உங்க காலுக்கு ஒரு சுவிட்ச் வைக்கணும் அண்ணி" என்பேன். "வச்சா அணைக்க மறந்துடுவே" என்பாள்.

மறதி முதலில் அவளைத்தான் பிடித்தது.

ஒரு நாள் சமையலறையில், "அதை எடு, அது... வட்டமா, நடுவுல ஓட்டையா..." என்று கையால் காற்றில் வரைந்தாள். குழாய்க்குப் போடுகிற வாஷர். தினமும் நூறு வாஷர் விற்கிறவளுக்கு வாஷர் என்ற சொல் வரவில்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் முன் பிரேக் கேபிள் கேட்டவனுக்குப் பின் பிரேக் கேபிள் கொடுத்தாள். அவன் திரும்ப வந்து மாற்றிக்கொண்டு, "அகராதியில அச்சுப்பிழையா அக்கா?" என்று கிண்டலடித்துவிட்டுப் போனான். பிறகு ஒரு பேரிங். அதை வாங்கிப் போனவர் தாடிக்கார மெக்கானிக், அந்தத் தெருவிலேயே பெரிய பட்டறை வைத்திருப்பவர். அரை நாள் வேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்து, பேரிங்கைக் கவுண்ட்டரில் டக்கென்று வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதில் கொடுத்திருப்பாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நான் கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

ஆஸ்பத்திரியில் எப்போதும் பார்க்கிற பெரிய டாக்டர், "ஞாபகம் எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "அது பாட்டுக்கு இருக்கு" என்றாள். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் என் கால் மிதிபட்டது.

அதே நாள்தான் வராந்தாவில் ஆராய்ச்சி டாக்டர் எங்களைப் பிடித்தார். சின்ன வயசுக்காரர், கண்ணாடி நழுவி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிடும். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு ஏன் ஞாபகமும் யோசனையும் மங்குகிறது என்று பார்க்கிறார்களாம். மூளையின் உயிரணுக்களுக்குள் இருக்கவேண்டிய சில புரதங்கள், அங்கே சேதம் நடந்தால் ரத்தத்தில் துளித்துளியாகக் கலக்கும். ரத்தத்தில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது, ஞாபகம் எவ்வளவு இருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. நாலு மாசத்துக்கு ஒரு முறை, மொத்தம் மூன்று முறை வரவேண்டும். கூடவே, அதே வீட்டில் இருக்கிற ஒருவர் வந்து ஒரு படிவம் நிரப்பவேண்டும்.

"ரத்தத்துல தெரிஞ்சிடுமா?" என்றாள் அண்ணி.

"தெரியுமான்னுதான் பார்க்கிறோம். தனி ஒருத்தருக்கு இதை வச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க. அளவையும் சொல்ல மாட்டோம். நூறு பேரைச் சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான் அர்த்தம்."

அண்ணி அந்தப் பதிலில் 'தெரியும்' என்ற பாதியோடு நின்றுவிட்டாள். பஸ்ஸில் வரும்போது என்னிடம், "மனுஷங்க சொல்றது ஆயிரம். ரத்தம் பொய் சொல்லாது இல்ல? நல்லா இருக்குன்னு அது சொல்லிட்டா போதும்" என்றாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு நற்சான்றிதழ்.

முதல் முறை போனபோது ஊசி குத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் ஞாபகச் சோதனை. உளவியல் நிபுணர் ஒரு அம்மா, மணி அடித்தாற்போல் குரல். பதினைந்து சொற்களை நிதானமாகப் படிப்பார், நாம் திரும்பச் சொல்லவேண்டும். ஐந்து முறை இப்படி. அரை மணி நேரம் வேறு என்னென்னவோ படம் வரைய வைத்துவிட்டு, "முதல்ல சொன்ன சொல்லெல்லாம் ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க" என்பார். அண்ணிக்கு வந்தது ஆறு.

ஆறு என்று அந்த அம்மா சொல்லவில்லை. அண்ணி விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அடுத்த கைக்குப் போன ஒரு விரலோடு நின்றுவிட்டது. வெளியே வந்தவள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடியும் படியிலேயே இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

அடுத்த நாலு மாசம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலண்டரை மூடிவிட்டு இன்றைக்கு என்ன கிழமை, நேற்று என்ன குழம்பு, போன வாரம் யார் வந்தார்கள் என்று அவளையே அவள் பரீட்சை வைத்துக்கொள்வாள். தப்பாகச் சொன்னால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிடுவாள். எங்கள் வீடு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

இரண்டாவது முறை போனபோது, சோதனை அறையை மாற்றியிருந்தார்கள். பெரிய கூடத்தில் ஒரு மூலையை மரப்பலகை வைத்துத் தடுத்து அறையாக்கி, அதன் வெளிப்பக்கத்தை ஒட்டி ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அண்ணிக்கு முன்னால் இரண்டு பேர். ரத்தம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் காலாட்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது. பிறகுதான் எனக்கும் கேட்டது.

"குடை... கிணறு... தபால்... வெங்காயம்... நாற்காலி..."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"எழுது" என்றாள்.

"அண்ணி!"

"பேனா இருக்கா இல்லையா?"

பை முழுக்கத் துழாவி, துணிக்கடையின் அளவுச் சீட்டு ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். பாலம், கழுதை, சோப்பு, மேகம், பித்தான், ஏணி, தொப்பி, பல், ரயில், உப்பு. முதல் ஆளுக்கு ஐந்து முறை படித்தார்கள், இரண்டாவது ஆளுக்கு ஐந்து முறை. ஒரு சொல்லும் தவறவில்லை. அந்த அம்மாவின் குரல் அவ்வளவு சுத்தம். அண்ணி சீட்டை வாங்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனாள். அங்கே கைகழுவும் தொட்டிக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே உருப்போட்டாள். குடை பிடித்த கழுதை தொப்பி போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுகிறது, மேலே மேகத்தில் ஒரு நாற்காலி, என்று கதை கட்டிக்கொண்டாளாம். திரும்பி வந்தவள் சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

உள்ளே பதினைந்துக்குப் பதினைந்து. அரை மணி கழித்தும் பதினைந்து.

அவள் உள்ளே இருந்த நேரத்தில் நான் என் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா?' அன்று காலையில்தான் கதவைப் பூட்டினோமா என்று நாலு தடவை கேட்டிருந்தாள். 'ஒருபோதும் இல்லை' என்பதில் டிக் அடித்தேன். 'பழகிய பொருள்களின் பெயர் வராமல் தடுமாறுகிறாரா?' ஒருபோதும் இல்லை. 'வேலையில் தவறு செய்கிறாரா?' ஒருபோதும் இல்லை. பக்கம் முழுக்க ஒரே வரிசையில் டிக், தையல் போட்ட மாதிரி நேராக இறங்கியது. பிரித்துத் தைப்பது என் தொழில் என்பதால் சொல்கிறேன், அவ்வளவு நேரான தையலைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அங்கே யாருக்கும் வரவில்லை.

அந்த வாரம் பெரிய டாக்டரைப் பார்க்கும் முறை. போன தடவை அண்ணன் தனியாகப் போன் செய்து, அவள் தடுமாறுவதைச் சொல்லியிருந்தான். மாலையில் போடுகிற மாத்திரை ஒன்று யோசனையை மந்தமாக்கக்கூடும், மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். இப்போது ஆராய்ச்சியிலிருந்து வந்த சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "அட, பிரமாதமா இருக்கே. மூணு வருஷமா வலிப்பும் இல்ல. நல்லா ஓடுற வண்டியை ஏன் பிரிக்கணும்? அதே மாத்திரையே இருக்கட்டும்" என்றார்.

அண்ணி வண்டிக் கணக்கில் நன்றாகத் தேறியவள். ஓடுகிற வண்டியில் என்ன கோளாறு இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினாள். அண்ணனுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தியா, நான்தான் வீணா பயந்தேன்" என்று என்னிடம் சொன்னான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

ஒரு மாசம் கழித்து ஆராய்ச்சி டாக்டரிடமிருந்து போன். முறைக்கு முன்னாலேயே ஒரு தடவை வரமுடியுமா என்று கேட்டார். போனோம். கண்ணாடியைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு கணினியைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்கப் புள்ளிகள். இடது மேலிருந்து வலது கீழாக, சரிவில் கொட்டிய கடுகு மாதிரி. வலது பக்கம் உச்சியில் ஒரே ஒரு புள்ளி தனியாக.

"பொதுவா யாருக்கும் இதைக் காட்ட மாட்டோம். கூடுதலா சில சோதனை செய்ய உங்க சம்மதம் கேட்கணும், அதுக்குக் காரணம் சொல்லணும். அதனால குழுவுல அனுமதி வாங்கிட்டுத்தான் காட்டுறேன். இங்க பாருங்க, புரத அளவு கூடக்கூட ஞாபகம் குறையுது. எல்லாருக்கும் இல்ல, மொத்தமாப் பார்த்தா. இந்த ஒரு புள்ளி மட்டும் அளவு ரொம்ப ஜாஸ்தி, ஆனா ஞாபகமும் எல்லாரையும் விட ஜாஸ்தி. அது நீங்க."

அண்ணியின் கால் ஆடத் தொடங்கியது.

"உங்க மூளையை ஏதோ ஒண்ணு காப்பாத்துதுன்னு தோணுது. அது என்னன்னு தெரிஞ்சா எத்தனை பேருக்கு உதவும்!"

"அளவு ஜாஸ்தின்னா?"

"அதை மட்டும் வச்சுப் பயப்படக் கூடாதுங்க. வேற காரணத்தாலயும் ஏறலாம், இறங்கலாம். இன்னும் இது மருத்துவத்துல பயன்படுத்துற சோதனையே இல்ல."

அவர் நல்ல மனிதர். மூன்று முறை அதையே சொன்னார். அண்ணிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வரும் வழியில் மூன்று நிறுத்தம் முன்னதாகவே இறங்கி வேகவேகமாக நடந்தாள்.

"ஆயில் கசியுது" என்றாள் நடந்துகொண்டே. "சீல் போயிடுச்சு. வெளியில நாலு சொட்டுத் தெரிஞ்சா உள்ள எவ்வளவு போயிருக்கும் தெரியுமா?"

"டாக்டர் அப்படிச் சொல்லலையே அண்ணி."

"அவருக்கு நான் அதிசயம். எனக்குத்தானே தெரியும் நான் ஆறுன்னு."

"அப்ப சொல்லிடலாம்."

"என்னன்னு? கழுதை ஏணி ஏறின கதையையா?" நின்று திரும்பினாள். "அவர் முகத்தைப் பார்த்தே இல்ல? பத்து வருஷம் கழிச்சுக் குழந்தை பிறந்தவர் மாதிரி இருக்கார். அவர்கிட்டப் போய், அது உன் குழந்தை இல்லப்பான்னு சொல்லச் சொல்றியா?"

சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கு ஊசி தடம் மாறி ஒரே வாரத்தில் இரண்டு கால்சட்டை ஒரு காலுக்கு நீளம் கூடிப்போனது. அவள் கடையில் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே என்ன என்று பார்ப்பதும், மூடிவிட்டு மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதும், மறுபடி திறப்பதுமாக இருந்தாளாம். சரியாகத் தூங்கவும் இல்லை. அவளுக்குத் தூக்கம் கெட்டால் ஆபத்து என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் அலைமோதுகிற காலை நேரத்தில், கவுண்ட்டருக்குப் பின்னால் விழுந்தாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம்.

போன் வந்து நான் ஓடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், தலைக்கடியில் மடித்த சட்டை. அது தாடிக்கார மெக்கானிக்கின் சட்டை. அவர் பனியனோடு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களை, "காத்து விடுங்கப்பா, வேடிக்கை என்ன வேடிக்கை" என்று விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ரெண்டு நிமிஷம் இருந்துச்சும்மா, கடிகாரத்தைப் பார்த்தேன். டாக்டர் கேட்பாங்க" என்றார். அவருடைய தம்பிக்கும் உண்டாம். அந்தப் பேரிங்குக்குப் பிறகு அவரை அண்ணி வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

முதலாளியம்மா பத்து நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வு என்பது அண்ணிக்குத் தண்டனை. இரண்டாம் நாளே எங்கள் வீட்டு எல்லாக் கதவின் கீல்களையும் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினாள். மூன்றாம் நாள், அண்ணி தலையாட்டிவிட்டு வந்திருந்த கூடுதல் சோதனைக்குக் குறித்திருந்த தேதி.

அன்று ஆஸ்பத்திரியில் எங்களுக்காக ஆறு பேர் காத்திருந்தார்கள். ஆராய்ச்சி டாக்டருக்கு மேலே உள்ள தலைமை டாக்டர் எழுந்து நின்று கைகுலுக்கினார். இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இவங்கதான்" என்றார் எங்கள் ஆராய்ச்சி டாக்டர், குரலில் பெருமை. அண்ணி உட்காரவில்லை. திட்டினால் தாங்குவாள், கிண்டலடித்தால் திருப்பிக் கொடுப்பாள். மரியாதைதான் அவளைக் கவிழ்த்துவிட்டது.

"அந்தப் புள்ளி பொய்ங்க" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"சொல்லெல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம், பெஞ்சுல கேட்டுச்சு. எழுதி வச்சு மனப்பாடம் பண்ணிட்டு உள்ள போனேன். முதல் தடவை ஆறு வந்துச்சு பாருங்க, அதுதான் நான்."

எங்கள் டாக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அவர் அதைத் தள்ளவில்லை. "எழுதினது நான்" என்றேன். அந்த ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச ஆரம்பித்ததால் நிறுத்தவும் முடியவில்லை. "படிவத்துலயும் பொய்தான் எழுதினேன். எல்லாத்தையும்."

டாக்டர் விருட்டென்று எழுந்து கூடத்துக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். உள்ளே சோதனை நடந்துகொண்டிருந்தது. அவர் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். "பாலம்... கழுதை... சோப்பு..." என்று மணி மாதிரி வந்தது. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"இந்த அறைக்கு மாறினதுலேர்ந்து எத்தனை பேரு?" என்று யாரிடமோ கேட்டார். நாற்பத்தி ஒன்று என்றார்கள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க! நாலு மாச உழைப்பு!" என்று அண்ணியிடம் வெடித்தார்.

"பலகையை நானா வச்சேன்?" என்றாள் அண்ணி.

தலைமை டாக்டர் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

நாற்பத்தி ஒரு பேருடைய சோதனையையும் ஒதுக்கிவைத்து, வேறு அறையில், வேறு சொற்களோடு மறுபடி நடத்தவேண்டி வந்தது. அண்ணிக்கு அன்றைக்கே நடத்தியிருப்பார்கள். வலிப்பு வந்து மூன்று நாள்தான் ஆகிறது என்றதும், இப்போது எடுத்தால் ரத்தமும் சரியாக வராது, ஞாபகமும் சரியாக வராது என்று ஒரு மாசம் தள்ளிப் போட்டார்கள். ஒரு மாசம் கழித்து அவளுக்கு வந்தது ஐந்து. அந்த உளவியல் அம்மா இந்த முறை எண்ணிக்கையை மறைக்கவில்லை. அண்ணி கேட்டாள், அவர் சொன்னார். எனக்குப் படிவத்தைத் திரும்பக் கொடுத்தார்கள், தனி அறையில். 'அடிக்கடி' என்று எழுதும்போதெல்லாம் யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. 'வேலையில் தவறு செய்கிறாரா?' என்ற இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதிலும் 'அடிக்கடி' போட்டேன்.

உண்மையான எண் பெரிய டாக்டர் கைக்குப் போனது. அவர் கோபப்படவில்லை, அலுத்துக்கொண்டார். "வீட்டுக்காரர் ஒண்ணு சொல்றார், தாள் ஒண்ணு சொல்லுது. நீங்க சொன்னாத்தானேம்மா எனக்குத் தெரியும்? நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?" ஒரு மத்தியானம் தலையெல்லாம் ஒயர் ஒட்டி அவளைத் தூங்க வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தூக்கத்தில், வெளியே தெரியாமல், சின்னச் சின்ன வலிப்பு வெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. விழாததால் நாங்கள் வலிப்பே இல்லை என்று நினைத்திருந்தோம். மாலை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டு மாசம் அவள் எரிந்து விழாத ஆள் கிடையாது. அண்ணன் ஷிப்ட் முடிந்தும் மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டு வந்தான்.

கடைக்குத் திரும்பினாள். வேலையை விட்டுவிடச் சொல்வார்களோ என்று பயந்ததற்கு மாறாக, முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணியே ஒரு சட்டம் போட்டாள்: பழைய பாகத்தைக் கொண்டுவந்து கவுண்ட்டரில் வைத்தால்தான் புதியது. அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பாள். சிலர் முணுமுணுத்தார்கள். "முன்னெல்லாம் கேட்ட உடனே கொடுப்பே, இப்ப என்ன ஆதாரம் கேட்கிறே?" என்றான் ஒருத்தன்.

"முன்னெல்லாம் நான் சொன்னதை நீங்க நம்பினீங்க. இப்ப நானே நம்பறதில்ல. பழசை எடு" என்றாள்.

மூன்றாவது முறை அவளுக்கு எட்டு வந்தது. மாத்திரை மாறியதாலா, தூக்கம் சரியானதாலா, அன்றைக்கு மனம் நிதானமாக இருந்ததாலா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ரத்தத்தில் இருந்த புரதத்தின் அளவை இந்த முறை டாக்டர் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை என்று சொல்ல ஆசைதான். கேட்டாள், இரண்டு முறை. அவர் அசையவில்லை.

அன்றைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு வலிப்பு கிடையாதே? ஒப்பிட்டுப் பார்க்க அந்த மாதிரி ஆளுங்களும் வேணும். ரத்தம் தருவீங்களா?" என்றார். எனக்கென்ன, கையை நீட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். புதிய அறை, கனமான சுவர், புதிய பதினைந்து சொற்கள். அரை மணி கழித்துக் கேட்டபோது, தலைக்குள் யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருந்தது. விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன்.

வெளியே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். "எத்தனை?"

"ஏழு."

அவள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் உடனே நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தாள். வழி நெடுக நான் எனக்கு விட்டுப்போன எட்டுச் சொற்களைத் தேடிக்கொண்டே வந்தேன். போன மாசம் அளவுச் சீட்டில் எழுதாமல் விட்ட இடுப்பளவு, பக்கத்து வீட்டுக்காரியின் மகளுடைய பெயர் வராமல் விழித்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. இரண்டு முறை எழுந்து நின்றேன், இன்னும் நிறுத்தம் வரவில்லை.

"உட்காரு" என்றாள் அண்ணி. என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "ராத்திரி சரியாத் தூங்கினியா?"

"இல்ல அண்ணி. உங்களுக்கு என்ன ஆகுமோன்னுதான் முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

"சரி, போகட்டும். அடுத்த தடவை தூங்கிட்டு வா" என்றாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "எனக்குப் பயமா இருந்தப்ப அந்த டாக்டர் ஒண்ணு சொன்னாரே, என்னது அது?" என்றாள்.

"ஒருத்தரை வச்சு எதுவும் சொல்ல முடியாது. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் அர்த்தம்."

"அதேதான்" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது போதவில்லை. பஸ் நின்றது, இறங்கி நடந்தோம்.